மரச்செதுக்கு உளிக்குக் கைக்கேற்ற பிடி அமைப்பது எப்படி?

மரச்செதுக்கு வேலையைப் புதிதாகக் கற்பவர்கள், முதல் சில வாரங்கள் கழிந்ததும் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். உள்ளங்கையின் நடுவில் ஓரிடம் எரிகிறது, பெருவிரலின் அடி வலிக்கிறது, இரவில் விரல் நுனிகள் மரத்துப்போகின்றன என்பார்கள். கை இன்னும் பழகவில்லை, போகப்போகச் சரியாகிவிடும் என்று உடனிருப்பவர்கள் ஆறுதல் கூறுவார்கள். அதில் பாதி உண்மைதான். தோல் காய்த்துப்போகும், தசை வலுப்பெறும். ஆனால் நரம்பு காய்ப்பதில்லை. ஒரே இடத்தில் நாள்தோறும் அழுத்தப்படும் நரம்பு நலிவடையத்தான் செய்யும். ஆகவே வலி தோன்றியதும் முதலில் சோதிக்க வேண்டியது உளியின் பிடியைத்தான்.

பிடியை மாற்றுவது கடினமான வேலை அன்று. ஒரு துண்டு மரம், ஓர் அரம், கொஞ்சம் உப்புத்தாள், ஒரு துளைக்கருவி ஆகியவை இருந்தால் இரண்டு விடுமுறை நாள்களில் முடித்துவிடலாம். ஏறத்தாழ 12 மி.மீ. அகலமுள்ள, வாய் வளைந்த செதுக்குளி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு உங்கள் கையளவுக்கு ஏற்ற பிடியை வடிவமைத்துச் செய்யும் முறையை இங்கே வரிசையாக விளக்குகிறேன். கையால் தள்ளிச் செதுக்குவதற்கும் இடையிடையே மெல்லத் தட்டுவதற்கும் பயன்படும் உளி அது. லினோ என்ற மென்தகட்டை வெட்டும் அச்சுக்கத்தி, தோல் தைக்கும் ஊசி, களிமண் சுரண்டி போன்றவற்றுக்கும் இதே வரிசை பொருந்தும். அளவுகள் மட்டும் மாறும். மாமல்லபுரத்துக் கல் சிற்பிகளின் உளிகளுக்கு இது பொருந்தாது. சுத்தியலின் முழு அடியையும் இரும்பே நேராக வாங்க வேண்டியிருப்பதால் அவற்றுக்கு மரப்பிடி போடுவதில்லை.

கை என்ன செய்கிறது என்று பாருங்கள்

வடிவத்தைப் பற்றி எண்ணுவதற்கு முன் பத்து நிமிடம் வேலை செய்யுங்கள். அதை ஒருவர் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் காணொளியாக எடுக்கட்டும். பிறகு அதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

பிரித்தானிய உடற்கூற்றியலாளர் ஜான் நேப்பியர், மனிதக் கையின் பிடிகளை இரண்டு அடிப்படை வகைகளாக 1956இல் பிரித்துக் காட்டினார். பொருளை உள்ளங்கையோடு சேர்த்து விரல்களால் வளைத்து இறுக்குவது வலுப்பிடி. பெருவிரல் நுனிக்கும் மற்ற விரல்களின் நுனிக்கும் இடையில் பொருளை நிறுத்துவது நுண்பிடி. சுத்தியலைப் பிடிப்பது முதல் வகை, எழுதுகோலைப் பிடிப்பது இரண்டாம் வகை. செதுக்குளியில் இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. வலக்கை பிடியை வளைத்து முன்னே தள்ளுகிறது. இடக்கை, பிடி முடிந்து இரும்பு தொடங்கும் இடத்தைப் பற்றி, உளி எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுத்து வழிநடத்துகிறது. ஒரே தடிமனில் கடைந்த உருளை போன்ற பிடி இந்த இரண்டு வேலைகளில் ஒன்றைக் கெடுத்துவிடும். பின்பகுதி தடித்தும் முன்பகுதி மெலிந்தும் இருக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

காணொளியில் அடுத்துக் கவனிக்க வேண்டியது மணிக்கட்டு. முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்கும்போதுதான் விரல்களின் பிடிவலு அதிகமாக இருக்கும். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டில் உள்ள ஒரு குறுகிய வழியாகத்தான் விரல்களுக்குச் செல்கின்றன. நடுநரம்பும் அதே வழியாகத்தான் போகிறது. மணிக்கட்டு வளையும்போது அந்த இடம் நெருக்கமடைந்து நரம்பு அழுத்தப்படுகிறது. கார்ப்பல் டனல் நோய் என்று மருத்துவர்கள் கூறுவது இந்த நெருக்கத்தால் வருவதே. மேசையின் முன் நின்று செதுக்குபவரின் மணிக்கட்டும், தரையில் அமர்ந்து பாதத்தால் மரத்தை அழுத்திக்கொண்டு செதுக்குபவரின் மணிக்கட்டும் ஒரே கோணத்தில் இருப்பதில்லை. ஆகவே நீங்கள் உண்மையில் அமரும் விதத்திலேயே காணொளி எடுங்கள். அதற்காகப் புதிதாக ஒரு மேசையைத் தேடிப்போக வேண்டாம்.

கையை அளந்துகொள்ளுங்கள்

இரண்டு அளவுகள் வேண்டும். முதலாவது, பெருவிரலை விட்டுவிட்டு நான்கு விரல் முட்டிகளின் குறுக்கே உள்ள உள்ளங்கை அகலம். இரண்டாவது, மணிக்கட்டின் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரையிலான கையின் நீளம். இவற்றோடு ஓர் எளிய சோதனையும் செய்து பாருங்கள். தடித்த காகிதத்தைக் கடலை மடிக்கும் பொட்டலம் போலக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, மெல்லிய முனையிலிருந்து பிடித்துக்கொண்டு கையை மேலே நகர்த்துங்கள். பெருவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் தொட்டும் தொடாமலும் நிற்கும் இடத்தில் கூம்பின் விட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வலுப்பிடிக்கான பிடி அதைவிட ஏறத்தாழ 10 மி.மீ. மெலிந்திருந்தால், விரல்கள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படிந்து நன்றாக இறுக்க முடியும். கை நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கும் ஏறத்தாழ இதே அளவையே தரும், 180 மி.மீ. நீளமுள்ள கைக்கு அது 36 மி.மீ.

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட கைக்கருவி வழிகாட்டி, வலுப்பிடிக்கு 32 முதல் 51 மி.மீ. வரை விட்டமும், நுண்பிடிக்கு 6 முதல் 13 மி.மீ. வரை விட்டமும், 100 முதல் 150 மி.மீ. வரை பிடி நீளமும் ஏற்றவை என்று கூறுகிறது. நம்மில் பலரின் கைகள் மேலை நாட்டுச் சராசரியைவிடச் சிறியவை. உடல் அளவுகள் மக்களுக்கு மக்கள் மாறுபடுவதால்தான், அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்தியர்களின் அளவுகளைத் தனியாகத் தொகுத்து 1997இல் வெளியிட்டது. எந்த அட்டவணையையும் தொடக்கப் புள்ளியாக மட்டுமே கொள்ளுங்கள். இறுதி அளவை உங்கள் கை சொல்லட்டும். செதுக்குளியை முழு வலுவோடு இறுக்குவதில்லை என்பதால், தடித்த இடத்தில் 30 முதல் 34 மி.மீ., பூணுக்கு (பிடியின் முன்முனையை இறுக்கும் உலோக வளையத்துக்கு) அருகில் 18 முதல் 20 மி.மீ. என்று தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். பிடியின் நீளம் உங்கள் உள்ளங்கை அகலத்தைவிடக் குறைந்தது 30 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும்.

மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். விரல்களை முழுவதும் மடக்க முடியாத கைக்குத் தடித்த பிடியே எளிது. சாம் ஃபார்பர் என்ற அமெரிக்கத் தொழில்முனைவோர், மூட்டுவாதத்தால் கை வலித்த தம் மனைவி காய் சீவும் கருவியைப் பிடிக்கச் சிரமப்படுவதைக் கண்டு, நியூயார்க்கின் ஸ்மார்ட் டிசைன் நிறுவனத்தாரோடு சேர்ந்து தடித்த, மென்மையான ரப்பர் பிடிகளை உருவாக்கினார். 1990இல் ஆக்ஸோ என்ற பெயரில் அவை கடைக்கு வந்தபோது, கை வலி இல்லாதவர்களும் அவற்றை விரும்பி வாங்கினார்கள். நோயுற்ற கைக்காகக் கவனத்தோடு செய்த ஒன்று எல்லாக் கைகளுக்கும் இதமாக அமைந்த இந்த நிகழ்ச்சியை, ஒவ்வொரு பிடியைத் தொடங்கும்போதும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

களிமண்ணில் ஒரு மாதிரி

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல எல்லோருக்கும் ஆசை வரும். தயவுசெய்து தாண்ட வேண்டாம். மரத்தை அறுத்த பிறகு தெரியவரும் பிழையைத் திருத்த முடியாது. களிமண்ணில் தெரியவரும் பிழையைக் கட்டைவிரலால் அழுத்தியே திருத்திவிடலாம்.

முதலில் உளியின் வாயைத் தடித்த அட்டையால் மூடி நாடா சுற்றுங்கள். கழற்றக்கூடிய பிடியாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, ஒரு மெல்லிய குச்சியை உளியோடு சேர்த்துக் கட்டி, அதன்மேல் குழந்தைகள் விளையாடும் உலராத களிமண்ணை அப்புங்கள். பழைய பிடி மெலிந்ததாக இருந்தால் அதன்மேலேயே அப்பலாம். குளிர்சாதனக் குழாய்களின் மேல் சுற்றும் கறுப்பு நுரைக் குழாயும் இதற்கு நன்றாக உதவும். இப்போது உளியைப் பிடித்து, செதுக்குவது போலவே ஒரு மரக்கட்டையை அழுத்தித் தள்ளுங்கள். களிமண் பிதுங்கும் இடங்களில் அது தேவையில்லை. கை வெற்றாக உணரும் இடங்களில் இன்னும் கொஞ்சம் தேவை. ஒன்றோடு நிறுத்தாமல், தடிமனிலும் நீளத்திலும் வேறுபட்ட மூன்று மாதிரிகளாவது செய்து பாருங்கள்.

நல்ல மாதிரி கிடைத்துவிட்டது என்று தோன்றியதும் அதன்மேல் ஒரு மெல்லிய தாளைச் சுற்றுங்கள். உள்ளங்கையில் குங்குமத்தையோ, பொடித்த வண்ணச் சுண்ணக்கட்டியையோ லேசாகத் தடவிக்கொண்டு, ஐந்தாறு முறை தள்ளிவிட்டுக் கையை எடுங்கள். தாளில் அகலமாகவும் சீராகவும் நிறம் படிந்திருந்தால், விசை பரவலாக இறங்குகிறது என்று பொருள். ஓரிடத்தில் மட்டும் அடர்ந்த பொட்டு விழுந்திருந்தால், எரிச்சல் வரப்போகும் இடம் அதுவே.

அந்தப் பொட்டு பெரும்பாலும் உள்ளங்கைக் குழியில்தான் விழும். பெருவிரலின் அடியிலும் சுண்டுவிரலின் அடிப்பக்கத்திலும் உள்ள இரு மேடுகளில் தசைத் திண்டு இருக்கிறது. அவை அழுத்தத்தைத் தாங்கும். நடுக்குழியில் அந்தத் திண்டு இல்லை; தோலுக்குச் சற்றுக் கீழேயே நாண்களும் நரம்புக் கிளைகளும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. பிடியின் முனை குட்டையாகி அந்தக் குழிக்குள் முட்டி நின்றால் ஒவ்வொரு தள்ளலும் அவற்றைக் குத்தும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, முனை உள்ளங்கையைத் தாண்டி வெளியே வரும்படி பிடியை நீட்டுவது. நம் உளிக்கு இதுவே சரி. மற்றொன்று, லினோ வெட்டும் சிறு உளிகளில் போல, பிடியைக் குட்டையாக வைத்துக்கொண்டு அதன் முனையைக் காளான் குடைபோல அகன்ற உருண்டையாக்குவது. அப்போது இரு மேடுகளும் சேர்ந்து சுமையை வாங்கிக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொட்டாப்புளியை (மரச் சுத்தியலை) எடுக்கச் சோம்பி, உள்ளங்கையின் அடிப்பகுதியாலேயே பிடியின் முனையைத் தட்டும் பழக்கம் புதியவர்களிடம் விரைவில் தொற்றிக்கொள்கிறது. சுண்டுவிரல் பக்க மேட்டின் அடியில், எலும்பின் மேலாக ஒரு தமனி செல்கிறது. தொடர்ந்த அடியால் அந்தத் தமனி சேதமுற்று, விரல்கள் குளிர்ந்து வெளுக்கும் நிலை வரலாம். மெல்லத் தட்டுவதானாலும் கொட்டாப்புளியையே பயன்படுத்துங்கள்.

குறுக்குவெட்டின் வடிவம்

முழு வட்டமான பிடிக்கு இரண்டு குறைகள் உண்டு. மேசையில் வைத்தால் உருண்டு கீழே விழும். கண்ணால் பார்க்காமல் உளியின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்குத் தெரியாது. செதுக்குபவரின் கண் எப்போதும் வெட்டும் இடத்தில் இருக்க வேண்டியிருப்பதால் இரண்டாவது குறையே பெரிது. திசையை அறியும் பொறுப்பைப் பிடியின் வடிவத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். நீள்வட்டமோ, விளிம்புகள் மழுங்கிய எண்கோணமோ இதற்குப் பொருந்தும். நீள்வட்டமானால் குறுகிய பக்கத்தைவிட அகன்ற பக்கம் 4 முதல் 6 மி.மீ. கூடுதலாக இருந்தால் போதும். எண்கோணம் புதியவர்கள் கையால் செய்வதற்கு எளிது என்பதால் முதல் பிடிக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

விரல்கள் பதிவதற்கென்று தனித்தனிப் பள்ளங்கள் வெட்டிய பிடிகள் பார்ப்பதற்குக் கைக்கு ஏற்றவை போலத் தோன்றும். அவற்றைச் செய்யாதீர்கள். பள்ளங்கள் உங்கள் விரல்களோடு துல்லியமாகப் பொருந்தினாலும், ஒரே நிலையில் மட்டும்தான் பொருந்தும். செதுக்கும் கையோ நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறுகிறது. கை சற்று நகர்ந்ததும் இரண்டு பள்ளங்களுக்கு இடையே உள்ள மேடு விரலின் உள்பக்கத்தை அழுத்தத் தொடங்கும். பல நிலைகளில் பிடிக்க இடம் தரும் எளிய வடிவமே நெடுநேர வேலைக்கு உகந்தது.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

கருவேலம் நம் ஊரில் கருவிப் பிடிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது; கடினமானது, அதிர்ச்சியைத் தாங்கும். கொய்யா மரம் நெருக்கமான இழையுள்ளது, வழவழப்பாகச் சீவ வரும். தோட்டத்தில் கழித்த கிளை காய்ந்ததாகக் கிடைத்தால் முதல் பிடிக்கு அதுவே போதும். புளிய மரத்தைக் கொட்டாப்புளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த மரமானாலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், இழை பிடியின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும், கணுவோ வெடிப்போ கூடாது. பச்சை மரத்தில் செய்த பிடி உலரும்போது சுருங்கும், பூண் கழன்றுவிடும்.

அறுப்பதும் பொருத்துவதும்

38 மி.மீ. சதுரமும் ஏறத்தாழ 140 மி.மீ. நீளமும் உள்ள கட்டையை அறுத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் மூலைவிட்டங்கள் வரைந்து மையத்தைக் குறியுங்கள். வடிவம் செதுக்குவதற்கு முன்பே துளையைப் போட்டுவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டத்தின் முக்கியமான விதி. சதுரக் கட்டையை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்கிப்பிடிப்பானில்) அசையாமல் பிடிக்கலாம். துளை சற்றுச் சாய்ந்துவிட்டாலும் பின்னர் அந்தத் துளையையே மையமாக வைத்து வெளிவடிவத்தைச் சரிசெய்யலாம். வடிவம் முடிந்த பிறகு துளை சாய்ந்தால், உளி என்றென்றும் கோணலாகவே நிற்கும். செய்த பிடி வீணாகும்.

பிடிக்குள் இறங்கும் இரும்பு வால் பெரும்பாலும் நுனி நோக்கிக் குறுகியிருக்கும். ஆகவே மூன்று அளவுகளில் படிப்படியாகத் துளையுங்கள்: வால் நுனியின் அளவில் முழு ஆழத்துக்கும், நடுப்பகுதியின் அளவில் மூன்றில் இரு பங்கு ஆழத்துக்கும், அடிப்பகுதியின் அளவைவிடச் சற்றுக் குறைவாக முதல் மூன்றில் ஒரு பங்குக்கும். வாலைக் கையால் நுழைத்தால் கடைசி 8 முதல் 10 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். அந்த மிச்சத்தைத் தட்டி இறக்கும்போதுதான் பிடி இறுகும்.

முன்முனையில் பூண் கட்டாயம் வேண்டும். உலக்கைக்குப் பூண் போடுவதன் காரணமே இங்கும்: அடி விழும்போது மரம் பிளக்காமல் காப்பது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் செம்புக் குழாயோ பித்தளைக் குழாயோ 15 மி.மீ. நீளத்துக்கு அறுத்து, உள்விளிம்பை அரத்தால் மழுக்கி, மரமுனையை அதற்கேற்ப இறுக்கமாகச் சீவித் தட்டி ஏற்றுங்கள். பூணின் வெளிவிளிம்பும் மரத்தோடு சமமாக இருக்கட்டும்; இடக்கை விரல்கள் நாள் முழுவதும் உரசப்போகும் இடம் அது.

இனி வடிவம். சதுரத்தின் நான்கு மூலைகளையும் சீவி எண்கோணமாக்கி, களிமண் மாதிரியின் பக்கத்தோற்றத்தை ஓர் அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, அதனோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு மர அரத்தால் இறக்குங்கள். கத்தி பயன்படுத்தினால் வெட்டு எப்போதும் உங்கள் உடலை விட்டு விலகிச் செல்லட்டும். மாதிரியைவிட 1 மி.மீ. தடிப்பாகவே நிறுத்திவிடுங்கள், மீதியை வேலை செய்து பார்த்த பிறகு எடுக்கலாம். பொருத்தும்போது, உளியின் இரும்பை இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையில் வைத்து, வால் மேலே நிற்க வைஸில் இறுக்கி, பிடியைக் கொட்டாப்புளியால் மெல்ல மெல்லத் தட்டி இறக்குங்கள். உளியின் வாயை எதன்மீதும் ஊன்றித் தட்டக் கூடாது.

மேற்பரப்பு

கண்ணாடிபோல் பளபளக்கும் வார்னிஷ் பூச்சு வியர்த்த கையில் வழுக்கும். வழுக்கும் பிடியை நாம் அறியாமலேயே கூடுதலாக இறுக்குகிறோம், களைப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் வெயிலுக்கு இது சிறிய செய்தி அன்று. 180 எண் உப்புத்தாளோடு நிறுத்துங்கள். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழும்பும் இழைகளை உலர்ந்த பின் மீண்டும் தேய்த்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்துவிடுங்கள். நாளுக்கு ஒருமுறையாக மூன்று முறை போதும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிப்படும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றலாம். வெளியே விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வேலை செய்து பார்த்துத் திருத்துதல்

முதலில் உளியை நன்றாகத் தீட்டுங்கள். மழுங்கிய உளியை எந்தப் பிடியாலும் இதமாக்க முடியாது. தள்ளும் விசை கூடக் கூட வலியும் கூடும். பிடியைப் பற்றிய முடிவை எப்போதும் கூர்மையான உளியை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இருபது நிமிடம் செதுக்கிவிட்டுக் கையை விரித்துப் பாருங்கள். சிவந்த தடங்கள் இருக்கும் இடங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் வியர்வையும் படிந்து பிடியில் நிறம் மாறும் இடங்களும் ஒரு வாரத்தில் தெரியத் தொடங்கும். கை உண்மையில் எங்கே பிடிக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. சிவப்புத் தடத்துக்கு நேரான விளிம்பை உப்புத்தாளால் சிறிதளவே தேய்த்து, மறுபடி இருபது நிமிடம் வேலை செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்தை மட்டும் மாற்றினால்தான் எந்த மாற்றம் உதவியது என்று அறிய முடியும்.

பெருவிரலின் அடியில் மட்டும் வலி தொடர்ந்தால் முன்பகுதி மிகவும் மெலிந்திருக்கலாம். முன்கை களைத்தால் பிடி மிகவும் தடித்திருக்கலாம், அல்லது வழுக்கலாம். மணிக்கட்டு வலித்தால் பிடியைத் தொடாமல், மரத்தை வைத்திருக்கும் உயரத்தை மாற்றிப் பாருங்கள். நின்று செதுக்குவோருக்கு நுண்ணிய வேலை முழங்கை மட்டத்துக்குச் சற்று மேலேயும், வலு தேவைப்படும் வேலை அதற்குக் கீழேயும் இருப்பது நல்லது. இரவில் விரல்கள் மரத்துப்போவதோ, பிடிவலு குறைவதோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் செதுக்குவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதைப் பிடியை மாற்றிச் சரிசெய்ய முயல வேண்டாம்.

திருத்தங்கள் முடிந்ததும், பிடியின் பக்கத்தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் ஓர் அட்டையில் மீண்டும் வரைந்து வெட்டி, தடித்த இடத்தின் விட்டம், நீளம், உளியின் அகலம், மரத்தின் பெயர், தேதி ஆகியவற்றை அதன் மேலேயே எழுதி, ஓரத்தில் துளையிட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டிவையுங்கள். அடுத்த உளியின் பிடியை அந்த அட்டையிலிருந்து தொடங்கலாம்.